நான் சேர்த்துப் படித்த கோலிக்குண்டு

எட்டாவது வரை படித்தவள் நான். ராயபுரம் கடலோரத்தில் நாங்கள் இறால் உரிக்கும் வேலை பார்த்த எறா ஷெட்டில் அது பெரிய படிப்பு. முப்பது பெண்கள் இருந்தோம். சிலருக்குத் தங்கள் பெயரை எழுத வரும். ஒன்றிரண்டு பேர் சினிமா போஸ்டரில் எழுத்துக் கூட்டி நடிகர் பெயரைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு பத்திரிகையை எடுத்துத் தட்டுத் தடங்கல் இல்லாமல் படிக்க என் ஒருத்தியால்தான் முடியும். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போகச் சொல்ல வாய் வராது.

அறுபதுகளின் கடைசி. நம் கடலில் பிடிபடும் எறா வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்து, கரையோரமாகத் தகரக் கூரை ஷெட்டுகள் முளைத்த காலம். காலையில் படகு வந்ததும் ஐஸோடு சேர்த்து எறாவைச் சிமென்ட் தரையில் கொட்டுவார்கள். நாங்கள் வரிசையாகக் குந்தி, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துவிட்டு அலுமினிய பேசினில் போடவேண்டும். பேசின் நிறைந்தால்தான் கூலி. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்து, மாலையில் சோறு பிசைந்தால் எரியும்.

பத்து மணி டீக்குப் பிறகு பேப்பர். எங்கள் சூப்பர்வைசர் முந்தின நாள் வாங்கிய மாலைப் பத்திரிகையை மறுநாள் காலை எனக்குக் கொடுத்துவிடுவார். நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். நான் படிக்கும் நேரத்தில் என் பேசின் காலியாகக் கிடக்கக்கூடாதே என்று ஆளுக்கு ஒரு பிடி உரித்த எறாவை அதில் போடுவார்கள். யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை, எப்படியோ பழக்கமாகிவிட்டது. செய்தி சப்பென்று இருந்தால் பிடி சின்னதாகும். கொலை, கள்ளத் தொடர்பு, நடிகை வீட்டுச் சண்டை என்றால் பிடி பெரிதாகும். பிடியின் அளவைப் பார்த்தே எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிடும்.

புரிந்த பிறகு சும்மா இருப்பேனா? பேப்பரில் ‘கூரிய ஆயுதம்’ என்று போட்டிருந்தால் அதை மீன் வெட்டும் கத்தி ஆக்கிவிடுவேன். எங்கோ தெற்கே நடந்ததை வியாசர்பாடிக்கோ கொருக்குப்பேட்டைக்கோ கொண்டுவந்துவிடுவேன். செத்துப் போனவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்று ஒன்றைச் சொல்லி முடிப்பேன். பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். என் பேசின் நிறையும். நாலு வார்த்தை கூட்டிச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

இது ஒருத்திக்கு மட்டும் தெரியும். என் அக்காவுக்கு. என்னைவிட ஐந்து வயது மூத்தவள், பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். நாலு வயதில் அம்மை வார்த்து அவளுடைய இடது கண் போய்விட்டது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டு ஷெட்டிலேயே வேகமாக உரிக்கிறவள் அவள்தான். நான் படிக்கும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், கை பாட்டுக்கு வேலை செய்யும். என் கண் பேப்பரில் வரி வரியாக ஓடினால் உள்ளதைப் படிக்கிறேன், ஒரே இடத்தில் நின்றுவிட்டால் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுகிறேன் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அப்படி நிற்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவும் நான் சேர்த்துச் சொன்னதுண்டு.

அந்தச் செய்தி ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை வந்தது. ஏதோ ஒரு தூரத்து ஊர். ஆஸ்பத்திரியில் இறந்த ஒருவரின் கண்களைச் சொல்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று உறவினர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரித் தரப்பில் மறுத்திருக்கிறார்கள். பத்து வரிதான் இருக்கும். அன்றைக்குப் பேப்பரில் வேறு உருப்படியான செய்தி எதுவும் இல்லை. எல்லாம் மந்திரி திறந்து வைத்தார், மந்திரி பார்வையிட்டார். பிடியெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. நான் அந்தப் பத்து வரியை எடுத்துக்கொண்டேன்.

ஊரை நம் பட்டணத்துக்கு மாற்றினேன். மறுத்தார்கள் என்ற வரியை விழுங்கினேன். பிறகு, பெட்டியை மூடப் போகும் நேரத்தில் பெண்டாட்டி கடைசியாக ஒரு தடவை கன்னத்தைத் தொட்டாள், இமை திறந்துகொண்டது, உள்ளே கண் இல்லை, இரண்டு கோலிக்குண்டு வைத்திருந்தார்கள், பச்சைக் கோலிக்குண்டு என்று படித்தேன். பேப்பரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். என் கண் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

ஐஸ் உருகிச் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஒருத்தி அழுதேவிட்டாள். அன்றைக்கு என் பேசினில் விழுந்த பிடி மாதிரி அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழுந்ததில்லை. அக்கா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில், கோலிக்குண்டு எங்கிருந்துடி கிடைத்தது உனக்கு என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பச்சை நிறம்தான் பிரமாதம் என்றாள். நானும் சிரித்தேன்.

நாலைந்து நாள் கழித்து அதே பத்திரிகையில், உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்குக் கீழே ஒரு சின்னச் செய்தி வந்தது. இறந்தவர் தன் கண்களைத் தானமாகக் கொடுப்பதாகத் தானே எழுதிக் கொடுத்திருந்தாராம்; அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் உறவினர்கள் புகாரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இதைப் படித்தால் யார் பிடி போடுவார்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

உண்மை வேறு வழியிலும் எங்களைத் தேடி வந்துதான் பார்த்தது. பக்கத்து டீக்கடை ரேடியோவில் ஒரு மத்தியானம் ஒரு டாக்டர் கண் தானம் பற்றிப் பேசினார். எங்கள் ஆட்கள் பாட்டு வைக்கச் சொல்லிக் கத்தினார்கள், கடைக்காரர் திருகிவிட்டார். தியேட்டரில் படத்துக்கு முன்னால் போடும் நியூஸ் ரீலில் ஒரு தடவை கண் ஆஸ்பத்திரியைக் காட்டினார்கள். நியூஸ் ரீல் ஓடும் நேரம் எங்களுக்கு முறுக்கு வாங்கும் நேரம். கோலிக்குண்டை மட்டும் யாரும் திருகி மாற்றவில்லை. அது ஷெட்டை விட்டு மீன் ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கூடைக்காரிகளோடு தெருத் தெருவாகப் போய், வண்ணாரப்பேட்டை பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி என்னிடமே சொல்லும் அளவுக்கு ஊரைச் சுற்றிவிட்டது. அவள் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்படிப்பட்டவள் நான்.

அடுத்த கோடையில் அக்காவின் வலது கண் போனது. எறாவின் தலையில் ரம்பம் மாதிரி ஒரு கொம்பு இருக்கும். அவள் தலையைக் கிள்ளி இழுத்த வேகத்தில் அது தெறித்துக் கண்ணில் குத்திவிட்டது. அவள் கத்தவில்லை. தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். பிள்ளை பெற்றிருந்த ஒருத்தி தாய்ப்பால் விட்டாள். மறுநாள் நந்தியாவட்டைப் பூவை ஒற்றினோம். வலி போகவில்லை. நாலாம் நாள் கண் திறக்க முடியாமல் சீழ் வடிந்தபோதுதான், கூட்ஸ் யார்டில் வேலை பார்த்த எங்கள் அப்பா லீவு போட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஒரு மாதம் உள்ளே வைத்து வைத்தியம் பார்த்தார்கள். புண் ஆறியது. ஆறிய இடத்தில் வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. கருவிழி முழுக்கப் பூ. வெளிச்சம் எந்தப் பக்கம், இருட்டு எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அதைவிட அவளை அழவைத்தது வேறு. அவளால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை. பக்கெட்டில் தண்ணீர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரியவில்லை. கையை விட்டுப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் பக்கெட்டையே எட்டி உதைத்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். உள்கண் நன்றாக இருக்கிறது, மேலே இருக்கும் கண்ணாடி மாதிரியான தோல்தான் கெட்டுவிட்டது, இறந்தவர் ஒருவரின் கண்ணிலிருந்து அந்தத் தோலை எடுத்து வைத்தால் பார்வை வர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல் இறுகியது எனக்குத் தெரிந்தது.

ஆனால் கண்ணுக்கு எங்கே போவது என்றும் அவரே கேட்டார். வருகிற கண்களே கொஞ்சம். அதிலும் வடசென்னைப் பக்கம் சுத்தமாக நின்றுவிட்டது. கண்ணை எடுத்துவிட்டுக் கோலிக்குண்டு வைக்கிறார்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள், எழுதிக் கொடுத்தவர்களின் வீட்டுக்காரர்கள்கூட வண்டியைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்கள் என்றார். உள்ளே பஞ்சு வைத்து இமையை மூடிவிடுவோம், தூங்குகிற மாதிரி இருக்கும், பார்த்தால் ஒன்றுமே தெரியாது என்று எங்களுக்கு விளக்கமாகச் சொன்னார். என் கோலிக்குண்டு அவர் வாயிலிருந்து வந்தது. அக்கா என் கையை விடவில்லை. அவள் ஏதாவது சொல்லித் திட்டியிருக்கலாம்.

கிளம்பும்போது டாக்டர் கண் தானத்துக்கான பாரம் ஒன்றைக் கொடுத்தார். உங்கள் பக்கத்தில் யாராவது மனம் வைத்தால் எழுதி வாங்குங்கள்; கண் வந்தால் இரண்டில் ஒன்று உங்கள் அக்காவுக்கு, இன்னொன்று வார்டில் காத்திருக்கும் வேறு ஒருவருக்கு. உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் சொல்லி அனுப்பவேண்டும் என்றார்.

ஷெட்டில் எங்களுக்கெல்லாம் மேஸ்திரி ஓர் அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும், வேதக்கார அம்மா, கழுத்தில் ஜெபமாலை, வாயில் வெற்றிலை. கண் தெரியாத ஆள் எதற்கு என்று கம்பெனியில் கேட்டதற்கு, எறா உரிக்கக் கண் எதற்கு, கை போதும் என்று சண்டை பிடித்து, அக்காவைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டவர் அவர். அக்கா தடவித் தடவி உரிப்பாள். நரம்பு விட்டுப்போனதை மேஸ்திரியம்மா தன் கையால் சரி செய்து போடுவார். நான் பாரத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒரு வாரம் மடியிலேயே வைத்திருந்தேன். அவராகவே, இன்னாடி அது கடுதாசி என்று கேட்டார். சொன்னேன். ஷெட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். ஒருத்தி கோலிக்குண்டு என்று ஆரம்பித்தாள்.

மேஸ்திரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “கோலிக்குண்டு வச்சா இன்னா, வேர்க்கடல வச்சா இன்னா? மண்ணுக்குள்ள போயி நான் யார பாக்கப்போறேன்? நான் போனா என் கண்ண எடுத்து இந்தப் பொண்ணுக்கு வச்சிடுங்க.”

அன்றைக்கே ஆபீஸ் ரூமிலிருந்து மைப்பெட்டியை வாங்கிவந்தேன். பாரத்தை முதலிலிருந்து கடைசி வரை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவர் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். கோலிக்குண்டு நான் சேர்த்தது என்று அப்போதே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கவேண்டும். அதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. கௌரவம் தடுத்தது. மேஸ்திரியம்மாதான் ஒத்துக்கொண்டாரே, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வாள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, எறா கொட்டிக்கொண்டிருக்கும்போதே, மேஸ்திரியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அக்காவின் மேல் சாய்ந்தார். அக்கா என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள். ரிக்‌ஷா வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் அழுதுகொண்டே ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யச் சொன்னேன். செத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, இவள் கண்ணைக் கேட்கப் போகிறாள் என்று என்னைப் பார்த்தார்கள். எனக்கும் என்னைப் பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆனால் மூன்று மணி வரைதான் நேரம். வண்டி அனுப்புகிறோம், அக்காவை வெறும் வயிற்றோடு தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தலை சீவி, நல்ல புடவை கட்டி, வாசல்படிக்கு உள்ளே பாயில் உட்காரவைத்தேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள். அழுதால் கண்ணுக்கு ஆகாதோ என்று நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

மேஸ்திரியம்மா வீட்டுக்குப் போனபோது பெட்டி வந்துவிட்டது. வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வேதக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்து, இறந்தவரைச் சுற்றிக் குடும்பத்தார் எல்லோரும் நின்று ஒரு போட்டோ எடுப்பார்கள். ஏழைப்பட்டவர்கள் வீட்டில் அந்த ஆளுக்கு அது ஒன்றுதான் போட்டோ. ஸ்டுடியோக்காரரும் வந்து தெருவில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரி வண்டி நின்றது.

மேஸ்திரியம்மாவுக்கு ஒரே மகள். எங்களோடு ஷெட்டில் இருந்தவள்தான். கல்யாணமாகித் துறைமுகத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். அன்றைக்கு ரேகை வைத்தபோது அவள் பிரசவத்துக்காக லீவில் இருந்தாள். என் கையில் இருந்த பாரத்தைப் பார்த்தாள், தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. ஷெட்டுப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“கோலிக்குண்டு வச்ச மூஞ்சியோட எங்கம்மாவ போட்டோ எடுக்கச் சொல்றியா?” என்றாள்.

பஞ்சு வைத்து இமையை மூடிவிடுவார்கள் என்றேன், அவள் நம்பவில்லை; கோயில் ஃபாதரைக் கேட்டுவரட்டும் என்றேன். ஆள் போய் வந்தது. திருச்சபைக்குத் தடையில்லை, குடும்பத்தாரின் விருப்பம் என்று சொல்லி அனுப்பினார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. சாமி தடுத்திருந்தால் சாமியைக் கேட்டிருக்கலாம். தடுத்தது நான் அல்லவா. மணி ஒன்றரை ஆகியிருந்தது. பாயில் உட்கார்ந்திருப்பவளை நினைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: “கோலிக்குண்டு பேப்பர்ல இல்ல. நானா சேத்துப் படிச்சேன்.”

அப்புறம் என் எதிரே இருந்த ஒருத்தி, நல்லவள், என் மேல் பிரியமானவள், இல்லையே, பேப்பரில் படமே போட்டிருந்தது, பச்சைக் கோலிக்குண்டு, நானே என் கண்ணால் பார்த்தேன் என்றாள். மாலைப் பத்திரிகையில் பச்சை ஏது, சிவப்பு ஏது, எல்லாம் கறுப்பு மைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பொய் சொல்லவில்லை. அவள் நிஜமாகவே பார்த்திருந்தாள். நான்தான் காட்டியிருந்தேன். இன்னொருத்தி, பாவம், அக்காவுக்காக இப்படிச் சொல்கிறாள் என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் விடவில்லை. பாரத்தை விரித்து மேஸ்திரியம்மாவின் ரேகையைக் காட்டினேன். மகள் அதை வாங்கி ரேகையின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“அன்னிக்கு சேத்துப் படிச்சேன்னு நீயே சொல்ற,” என்றாள். “இதுல இன்னா எழுதி கீதுன்னு எங்கம்மாவுக்கு யாரு படிச்சுக் காட்டுனது? நீதானே?”

உள்ளதை உள்ளபடி அதுவரை நான் முழுசாகப் படித்தது அந்த ஒரு காகிதம்தான். அதை நம்பச் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் போயிற்று. நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்றால் கோலிக்குண்டு உண்மை. கோலிக்குண்டு பொய் என்றால் நான் பொய்க்காரி. எந்தப் பக்கம் போனாலும் அக்காவுக்குக் கண் இல்லை.

மகளின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். அந்தத் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. உன் அம்மா சொன்னதை இந்த முப்பது பேரும் கேட்டார்களே என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். எல்லோரும் கேட்டவர்கள்தான். மேஸ்திரியம்மா விளையாட்டுக்குச் சொன்னது என்றாள் ஒருத்தி. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தெளிவாகச் சொன்னது விளையாட்டாகிவிட்டது. நான் விளையாட்டாகச் சொன்னது வேதமாகிவிட்டது.

மூன்று மணிக்கு வண்டி திரும்பிப் போனது. அதில் வந்தவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பழகியிருக்கவேண்டும்.

நான் வீட்டுக்குப் போனேன். அக்கா அதே பாயில், அதே மாதிரி, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து புடவையைச் சரி செய்தாள். வண்டி திரும்பிப் போய்விட்டது என்றேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள். பானையில் பழைய சோறு இருந்தது. நீர் விட்டுக் கரைத்துக் கொடுத்தேன். குடித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, மேஸ்திரியம்மாவைப் பார்க்கப் போகவேண்டும், கூட்டிப்போ என்றாள். கூட்டிப்போனேன். காசிமேட்டுக் கல்லறை வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, எல்லோரையும் போல ஒரு கை மண் போட்டாள்.

அதன் பிறகு ஷெட்டில் நான் பேப்பர் படிக்கவில்லை. சில நாள் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவை படித்தேன், உள்ளதை மட்டும். நாலாவது செய்தியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது, பிடி யாரும் போடவில்லை. பிறகு சூப்பர்வைசர் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி ஆணியில் மாட்டினார். அது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

நானும் அக்காவும் இரண்டு வருடம் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். அந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் ஒரு நாள் பரிசோதனை செய்துவிட்டு, பூ விழுந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் படர்ந்துவிட்டன, இனி வேறு கண் வைத்தாலும் ஒட்டாது என்றார். அக்கா, சரிங்க டாக்டர், நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அவளுக்குக் கஷ்டம் வந்தால் எதிரில் இருப்பவரை அப்படி ஏதாவது கேட்பாள்.

இதற்கு நடுவில் நடந்ததைக் கடைசியாகச் சொல்கிறேன். மேஸ்திரியம்மா போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவர் மகள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் போட்டோவில் ஒரு காப்பி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அம்மாவுக்கு இவளென்றால் உயிர், இவளிடம் ஒன்று இருக்கட்டும் என்று அக்காவின் கையில் கொடுத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா அட்டையின் ஓரங்களைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

“இன்னா கீதுன்னு சொல்லு. சேக்காம சொல்லு. இப்போ உன் கண்ண பாத்து என்னால கண்டுபுடிக்க முடியாது.”

சொன்னேன். பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். மகள் வலது பக்கம், மருமகன் இடது பக்கம். மேஸ்திரியம்மாவின் தலையில் பூ முடி. கையில் ஜெபமாலையைச் சுற்றியிருக்கிறார்கள். வெற்றிலைக் கறை உதட்டில் அப்படியே இருக்கிறது. ஒன்றைக்கூட நான் சேர்க்கவில்லை.

“கண்ணு?” என்றாள்.

“மூடி கீது,” என்றேன்.

அவள் கையை நீட்டிப் போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முகம் எங்கே இருக்கும் என்று சுமாராக ஊகித்து, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

“மூடித்தான் இருந்துச்சா,” என்றாள். “அப்போ எடுத்திருந்தா கூட போட்டோல தெரிஞ்சிருக்காதேடி.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. போட்டோவைப் புடவை முந்தானையில் துடைத்து, டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். அப்புறம் இரண்டு பேரும் அரிசி களைந்தோம்.